குவளை மேல் அட்டை

பீடோங் பசாரின் பின்வரிசையில், மோட்டார் பட்டறைக்கும் ஈசா பாயின் ரொட்டிச் சானாய் கடைக்கும் நடுவே உள்ள மது பாருக்குப் பலகையில் ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. ஊருக்கு அது ‘அக்கா கடை’. அந்த அக்கா, ஐம்பதைக் கடந்த காஞ்சனா.

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவர். கூலிம் தொழிற்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, விரல்நகத்தைவிடச் சிறிய கணினிச் சில்லுகளில் கீறல் தேடிக்கொண்டிருந்தவர். நிறுவனம் அந்தப் பிரிவை மூடியது. அதே சமயம், பினாங்கில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேர விரும்பிய சீனக் கிழவர் ஒருவர் இந்தக் கடையை விட்டுக்கொடுக்க, காஞ்சனா எடுத்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாத பெண் சாராயக் கடை நடத்துவதா என்று உறவினர்கள் முகத்தைச் சுளித்தார்கள். “ஆம்பளைங்க நடத்தி நான் பாத்தாச்சு” என்று சொல்லிவிட்டு அவர் தரையைத் துடைக்கத் தொடங்கினார்.

கடையின் மூலையில் நான்கு நாற்காலி போட்ட வட்ட மேசை ஒன்று உண்டு. புதன்கிழமை மாலைகளில் அங்கே சாமியைப் பற்றிப் பேசுவார்கள். புதன்கிழமை அமைந்ததற்குக் காரணம் எளியது. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உரியவை, திங்கள் சிலருக்குச் சிவன், வியாழன் குரு, சனி பெருமாள், ஞாயிறு மாதா கோயில். எந்தச் சாமியும் கேட்டு வாங்காத நாள் புதன் ஒன்றுதான். அன்றுதான் எல்லாராலும் குடிக்க முடிந்தது. குடித்தவர்களுக்குத்தான் பேச்சும் வந்தது.

மேசை தொடங்கியதே ஒரு சண்டையில்தான். மருத்துவமனை உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற தேவன் கத்தோலிக்கர். அவருடைய அண்ணன் குடும்பம் இந்து. அண்ணன் இறந்தபோது எரிப்பதா புதைப்பதா என்று சிற்றப்பனும் அண்ணன் மகனும் இங்கே உட்கார்ந்து வாக்குவாதம் செய்தார்கள். பாட்டில் கைக்கு ஏறிய நேரத்தில் காஞ்சனா நடுவே வந்து நின்றார். குவளைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டைகளை இருவர் முன்னாலும் போட்டார்.

“ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க. பேசி முடிச்சா அட்டைய கிளாஸ் மேல வச்சு மூடு. மூடினவன யாரும் கேள்வி கேக்கக்கூடாது. யாரும் யாரையும் தன் பக்கம் இழுக்கக்கூடாது. இங்க பேசினது இங்கயே.”

அந்தச் சட்டம் அப்படியே நிலைத்துவிட்டது. வீட்டில் சொல்ல முடியாததையும், கோயிலில் கேட்க முடியாததையும், பாதிரியாரிடம் போனால் பாவம் என்று ஆகிவிடுவதையும் ஆண்கள் இங்கே இறக்கிவைத்தார்கள். ஈசா பாய் மட்டும் உள்ளே கால் வைப்பதில்லை. இரண்டு கடைகளுக்கும் இடையே ஐந்தடி நடைபாதையில் சாக்கடையின் மேல் இரும்புக் கம்பி மூடி ஒன்று ஓடுகிறது. அதற்கு அப்பால், தம் கடை எல்லையில் நாற்காலியைப் போட்டு, நுரை பொங்கும் தே தாரேக் தேநீரோடு உட்கார்வார். காது மட்டும் உள்ளே இருக்கும். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

இப்படி ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய அந்த மேசை, சென்ற மாசி மாதம் மூன்று புதன்கிழமைகளில் உடைந்துபோனது.

*

முதல் புதன்கிழமை பரஞ்சோதி எல்லாருக்கும் முன்பே வந்தார். அவர் கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டுபவர். ஒரு வாரம் காலை முறை, மறு வாரம் மாலை முறை என்பதால் ஒரு புதன் விட்டு ஒரு புதன்தான் அவரால் வர முடியும். அன்று மேசையில் அமர்ந்தவர் குவளையைத் தொடவே இல்லை.

“அக்கா, இது மேசைப் பேச்சு.”

“சொல்லு.”

“சுந்தரிக்கு மார்ல கட்டி. எடது பக்கம். போன வருஷமே ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. ஆடித் திருவிழாவுல கோயில்ல அம்மாகிட்ட கேட்டா. ‘பொறு, அடுத்த ஆடி கழியட்டும்’னு வாக்கு வந்துருச்சு. அவ்வளவுதான், போகல. இப்பக் கட்டி பெருசாயிருச்சு. மாசக் கடைசித் திங்கக்கெழம இன்னொரு தேதி குடுத்திருக்காங்க. டாக்டரம்மா அவ கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்றாங்க, ஆடி வரைக்கும் விட்டா கைமீறிப் போயிரும்னு. இவ அசைய மாட்டேங்கறா.”

“நீ எடுத்துச் சொல்லலியா?”

“சொன்னேன். ‘அம்மா வாக்க மீறி என்னைக் கூட்டிட்டுப் போயி, நான் கத்தியில போனா அந்தப் பாவம் உனக்கு’ங்கறா. நானும் அந்தக் கோயில்ல அலகு குத்தினவன் அக்கா. அம்மா சொன்னது தப்புன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவி குணசுந்தரி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மற்றவர்கள் வரும் சத்தம் கேட்டதும் பரஞ்சோதி அட்டையை எடுத்துக் குவளையை மூடினார். அன்று முழுவதும் அதைத் திறக்கவில்லை.

ஆறாங்கட்டைக் கோயிலில் வாக்குக் கேட்கும் முறை காஞ்சனாவுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கேள்வியை மனத்துக்குள்தான் வைத்திருக்க வேண்டும். வாய் திறந்து சொன்னால் சாமியைச் சோதித்ததாகிவிடும். அருள் வந்து ஆடுபவர் பழத்தை வாங்கிக்கொண்டு வாக்குச் சொல்வார். அம்மன் மலையேறிய பிறகு அந்த மனிதரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது என்பது ஊரறிந்த விஷயம். தகப்பனாருக்குப் பின் அங்கே ஆடுபவர் அம்மாசி. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். அவரும் புதன்கிழமை மேசைக்காரர்தான்.

*

இரண்டாவது புதன்கிழமை பரஞ்சோதிக்கு மாலை முறை. மேசையில் தேவனும் அம்மாசியும் இருந்தார்கள். கம்பிக்கு அப்பால் ஈசா பாய். தேவன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“நாப்பது வருஷமா முட்டி போட்டு ஜெபம் பண்றேன் லா. ஒரு தடவகூட லைன் கெடைக்கல. ஒனக்கு மட்டும் எப்படி அம்மாசி, வீடு வரைக்கும் டெலிவரி?”

ஈசா பாய் சிரித்தார். காஞ்சனாவும் பக்கத்து மேசையைத் துடைத்தபடி சிரித்தார். அம்மாசி சிரிக்கவில்லை. குலைமுள் கீறிய கைகளை மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் மூணு வருஷமா வரல.”

தேவன் குவளையைக் கீழே வைத்தார்.

“உடுக்கச் சத்தம் கேட்டாக் காலு ஆடும். அது பழக்கம். முன்னல்லாம் உச்சியிலேருந்து பச்சத்தண்ணி எறங்குற மாதிரி ஒண்ணு வரும். அப்புறம் ஒண்ணும் தெரியாது, முழிச்சுப் பாத்தா யாரோ விசிறிக்கிட்டு இருப்பாங்க. இப்ப எல்லாம் தெரியுது. யாரு நிக்கறா, எந்தப் புள்ள அழுவுது, எந்த டியூப் லைட்டு எரியல. எல்லாம்.”

“அப்ப வாக்குக் கேட்டு வர்றவங்களுக்கு?” வெளியிலிருந்து ஈசா பாயின் குரல் வந்தது.

“என்னா செய்ய பாய்? அவங்க மனசுல என்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வீடு வாங்கறதா, பொண்ணு பாக்கறதா, யாருக்குத் தெரியும்? கெடுதல் வராத வார்த்தையாப் பாத்துச் சொல்றேன். ‘பொறு, அடுத்த ஆடி கழியட்டும்.’ போன வருஷம் வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அதான். பொறுத்தா யாருக்கு லா நட்டம்?”

காஞ்சனாவின் கையிலிருந்த துணி நின்றது.

“அப்பவே நிறுத்தியிருக்கலாமே” என்றார் தேவன். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

“எப்படி நிறுத்தறது? தோட்டத்த வித்தாச்சு. குடியிருந்த லயத்த இடிச்சாச்சு. கோயில் ஒண்ணுதான் மிச்சம். எனக்கு வரலன்னு சொன்னா, அம்மா கோயில விட்டே போயிட்டான்னு ஆயிரும். அத என் வாயால சொல்லவா?”

அம்மாசி அட்டையை எடுத்துக் குவளையை மூடினார். மூடிய பிறகும் உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடியே இருந்தார்.

*

தொழிற்சாலையில் விதி தெளிவானது. கீறல் கண்ணில் பட்டால் சிவப்புப் புள்ளி வைத்து ஒதுக்க வேண்டும்; பார்த்துவிட்டு விட்டால் அது பார்த்தவருடைய குற்றம். இங்கே காஞ்சனா ஒரு கீறலைப் பார்த்துவிட்டார். ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் அது வெறும் வருத்தமாக இருந்திருக்கும். இரண்டையும் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் உயிர் தெரிந்தது. ஆனால் புள்ளி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரேதான். பரஞ்சோதியிடம் சொன்னால் அம்மாசியைக் காட்டிக்கொடுத்ததாகும். அம்மாசியிடம் சொன்னால் பரஞ்சோதியின் சத்தியத்தை உடைத்ததாகும். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும், இனி அந்த மேசையில் யாரும் எதையும் நம்பிச் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பசாரில் குணசுந்தரியே எதிரில் வந்தாள். இருவரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். குணசுந்தரி நான்கைந்து வயது இளையவள்.

“என்னக்கா, கீரை இவ்வளவு வெல ஏறிப்போச்சு?”

“மழைதான் காரணம். நீ எப்படி இருக்கே?”

“எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே அவள் இடது கையிலிருந்த பையை வலது கைக்கு மாற்றினாள். உதட்டோரம் நொடிநேரம் இறுகித் தளர்ந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். காஞ்சனா கவனித்தார். சொல் தொண்டை வரை வந்தது. கீரைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டினார். குணசுந்தரி குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் காஞ்சனா அம்மாசிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, அன்னிக்குப் பேசினதப் பத்தி ஒண்ணு கேக்கணும்.”

“எத?”

“வாக்குக் கேட்டு வந்தவங்கள்ல யாருக்காவது…”

“தங்கச்சி” என்று அம்மாசி இடைமறித்தார். லோரி இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. “மேசையில பேசினது மேசையோட போச்சு. நீதான் அப்படிச் சொன்ன. அத நம்பித்தான் வாயத் தொறந்தேன். திரும்ப எடுக்காத.”

இணைப்பு அறுந்தது. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

*

மூன்றாவது புதன்கிழமை வழக்கமானவர்கள் வந்தபோது கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. வேறு வாடிக்கையாளர் இல்லை. வட்ட மேசையில் நான்கு குவளைகளில் பாலில்லாத தே ஓ தேநீர் ஆவி பறக்க இருந்தது.

“என்னா தங்கச்சி, ரெய்டா?” என்றார் தேவன்.

“இன்னிக்கு யாரும் ஒரு சொட்டுத் தொடக்கூடாது. குடிச்சிட்டுப் பேசினாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.”

பரஞ்சோதி தேவனைப் பார்த்தார். தேவன் அம்மாசியைப் பார்த்தார். அம்மாசி தரையைப் பார்த்தார். கம்பிக்கு அப்பால் ஈசா பாய் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்திக்கொண்டார்.

காஞ்சனா நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அந்த மேசையில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

“பரஞ்சோதி, ரெண்டு வாரத்துக்கு முன்ன எங்கிட்டச் சொன்னத இவங்க முன்னாடி சொல்லு.”

பரஞ்சோதி அட்டையை எடுத்துக் குவளைமேல் வைத்தார்.

“அம்மாசி அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. போன வாரம் சொன்னத.”

அம்மாசியும் மூடினார். மூடிய இரண்டு குவளைகள் எதிரெதிரே இருந்தன. தேவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். 

காஞ்சனா கையை நீட்டி முதலில் ஒரு அட்டையையும் பிறகு மற்றதையும் எடுத்தார்.

“அக்கா!” பரஞ்சோதி பாதி எழுந்தார். “நீங்களே போட்ட சட்டம்!”

“நான் போட்டது. நானே ஒடைக்கறேன். இதுக்கப்புறம் நீங்க யாரும் இந்தப் பக்கம் வரலன்னாலும் சரி.” அவர் அம்மாசியின் பக்கம் திரும்பினார்.  “அம்மாசி அண்ணே, போன ஆடியில பொறு பொறுன்னு சொன்னீங்களே, அந்த வரிசையில குணசுந்தரி நின்னா. மார்ல கட்டிய வச்சுக்கிட்டு, அறுத்து எடுக்கலாமா வேணாமான்னு மனசுல கேட்டுக்கிட்டு நின்னா. நீங்க பொறுன்னீங்க. இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்கா. திங்கக்கெழம அவ போகலன்னா அடுத்த ஆடிக்கு அவ இருக்கமாட்டா.”

 பரஞ்சோதிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“அவரு எங்க சொன்னாரு? அம்மாதானே சொன்னா?”

அம்மாசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலிருந்தே பரஞ்சோதிக்குப் புரிந்துவிட்டது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பரஞ்சோதி மேசைக்கு மேலே பாய்ந்து அம்மாசியின் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டார். ஒரு குவளை உருண்டு தரையில் உடைந்தது.

“ஆடினியா? ஏய், சும்மா ஆடினியா? எம் பொண்டாட்டி ஒங்கால்ல விழுந்து எந்திரிச்சா லா!”

அம்மாசி கையைத் தடுக்கவில்லை. தேவன் பரஞ்சோதியின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். ஈசா பாய் எழுந்து இரும்புக் கம்பி வரை வந்துவிட்டார். “பரஞ்சோதி! கைய எடு! அந்த மனுஷன அடிச்சுட்டா ஒம் பொண்டாட்டிகிட்டப் போயிச் சொல்ல ஆளு இருக்காது!”

அந்த வார்த்தைதான் கையைத் தளர்த்தியது. பரஞ்சோதி விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

“யாரு சொன்னாலும் நம்ப மாட்டா. பார்ல கேட்டேன்னு நான் போயிச் சொல்லவா? போதையில ஒளர்றேன்னுவா.”

தேவன் மெல்லச் சொன்னார்: “நம்பற மாதிரி ஒருத்தருதான் சொல்லணும். அம்மாசி, நாளைக்குக் காலையில ஒரு பூசையப் போடு. மஞ்சத் துணியக் கட்டு. உடுக்கைக்கு ஆளு கூப்புடு. ‘போ மகளே, நான் தொணைக்கு வர்றேன்’னு ஒரே வார்த்த. ஓடிப் போயிப் படுத்துக்குவா. உயிரு பொழச்சாப் போதும் லா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

பரஞ்சோதி தலை நிமிர்ந்தார். கண்களில் வெளிச்சம் வந்திருந்தது. சற்று முன் கழுத்தைப் பிடித்த அதே கைகளைக் கூப்பினார். “அண்ணே, அதச் செய்ங்க. ஒங்க கால்ல விழறேன். ஒரே ஒரு தடவ.”

காஞ்சனாவுக்கும் அதில் ஆசை எழுந்தது. அது நிச்சயமாகப் பலிக்கும். யாரும் யாரையும் வெறுக்க வேண்டியிராது. மேசைகூடத் தப்பிவிடலாம்.

“கத்தி வச்சப்புறம் சரியா வரலன்னா?” என்றார் ஈசா பாய். “படுத்த படுக்கையில கெடந்துக்கிட்டு, யாரு தன்னைக் கைவிட்டான்னு நெனச்சுக்குவா அந்தப் பொண்ணு?”

 எல்லாரும் அம்மாசியைப் பார்த்தார்கள். அவர் கிழிந்துபோன கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வராதப்ப வந்த மாதிரி ஆடினதுலதான் இவ்வளவும் வந்துச்சு” என்றார். “இன்னொரு தடவ என்னால காலத் தூக்கி ஆட முடியாது. காலையில வர்றேன். நான் நானாத்தான் வருவேன்.”

“அவ நம்பலன்னா?” என்றார் பரஞ்சோதி.

அம்மாசி எழுந்து போய்விட்டார்.

*

வியாழக்கிழமை காலை, தாமான் குடியிருப்பில் பரஞ்சோதி வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது. காஞ்சனா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். அம்மாசி வேலைச் சட்டையோடு, எண்ணெய்க் கறை படிந்த காலணியோடு இறங்கினார்.

விடுப்பு எடுத்திருந்த பரஞ்சோதி வாசலோரம் நின்றார். குணசுந்தரி கதவைத் திறந்தாள். அம்மாசியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒரு சொல்லும் கேட்காமல் உள்ளே ஓடினாள். மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்து, அவருடைய காலைக் கழுவக் குனிந்தாள். சாமி தன் வீடு தேடி வந்துவிட்டது என்றே அவள் எண்ணியிருந்தாள்.

“சுந்தரி, தொடாத.” அம்மாசி பின்வாங்கினார். “காலத் தொடாத. நான் சொல்றத நின்னு கேளு.”

வாசலில் நின்றபடியே சொன்னார். மூன்று ஆண்டுகளாக வரவில்லை என்றார். போன ஆடியிலும் வரவில்லை என்றார். அவள் மனத்தில் என்ன இருந்தது என்று தெரியாமலே ஏதோ ஒரு வார்த்தையைச் சொன்னதாகவும், நேற்றுத்தான் எல்லாம் தெரிந்ததாகவும் சொன்னார். குணசுந்தரி செம்பைப் பிடித்தபடி அசையாமல் கேட்டாள். பிறகு பார்வை கணவன் பக்கம் திரும்பியது.

“இவரு சொல்லச் சொன்னாரா?”

“இல்லம்மா.”

“பார்ல ஒக்காந்து நாலு பேரா முடிவு பண்ணிக்கிட்டு வந்தீங்களா? என்னை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குத் தள்ளணும்னு?”

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.  அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியே மறுபாதியைக் கெடுத்துவிடும் போலிருந்தது.

“அண்ணே, ஒங்களுக்கு எப்படித் தெரியும் வந்துச்சா வரலையான்னு?” அவள் பொறுமையாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “மலையேறினப்புறம் ஒங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. பேசினது நீங்க இல்ல.”

“ஞாபகம் இருக்கு” என்றார் அம்மாசி.

“என்னா இருக்கு?”

“நீ பச்சைப் புடவ கட்டியிருந்த. ஒனக்கு முன்னால நின்ன சின்னப் புள்ள வாந்தி எடுத்துச்சு. நீ ஒம் முந்தானையால அது வாயத் தொடச்சுவிட்ட. மொதல்ல எடது கையால பழத்த நீட்டின. அப்புறம் தப்புன்னு வலது கைக்கு மாத்தின.  ஒந் தலைக்கு மேல இருந்த டியூப் லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுச்சு.” அவர் அவளை நேராகப் பார்த்தார். “அம்மா வந்திருந்தா இதெல்லாம் எனக்குத் தெரியுமா சுந்தரி?”

செம்பு சாய்ந்து மஞ்சள் தண்ணீர் படியில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் ஓசை கேட்டது.

பிறகு அவள் காஞ்சனாவைப் பார்த்தாள்.

“அக்கா, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரம் புதன்கெழம.”

“சனிக்கெழம நம்ம பசார்ல பாத்தோமே.”

“ஆமா.”

“மழையப் பத்திப் பேசினீங்க.”

 சட்டம், சத்தியம், மேசை என்று காஞ்சனா ஒரு வாரமாக அடுக்கிவைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அந்த வாசலில் நிற்கவில்லை.

“எல்லாரும் போங்க” என்றாள் குணசுந்தரி. “நீங்களுந்தான்” என்று கணவனிடமும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

போவாளா மாட்டாளா என்பது வெள்ளிக்கிழமையும் தெரியவில்லை, சனிக்கிழமையும் தெரியவில்லை. அவள் யாரிடமும் பேசவில்லை என்று பரஞ்சோதி குறுஞ்செய்தி அனுப்பினார். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு ஞாயிறன்றே போய்ப் படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காஞ்சனா கடைக்கு வந்து, திறக்க வேண்டிய நேரமாகியும் கதவைத் தூக்காமல் இருட்டுக்குள் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை துடைத்தார். வெளியே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் சாத்தும் ஓசை. பிறகு, பக்கத்துக் கடையிலிருந்து ஈசா பாய் தேவைக்கு மேல் உரக்கக் கூவினார்:

“ரெண்டு ரொட்டி! கட்டிக் குடு! ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சாப்புடறதுக்கு!”

காஞ்சனா துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். கதவைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை தமக்கு உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

*

கட்டியை எடுத்துவிட்டார்கள், அதோடு இடது மார்பையும் எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். போன வருடமே வந்திருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிருக்காது என்பதை யாரும் சொல்லவில்லை, எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

அம்மாசி கோயில் கமிட்டியிடம் போய் இனி ஆடமாட்டேன் என்றார். காரணத்தையும் சொன்னார். சிலர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் வீடு தேடி வந்து, கோபத்தில் அம்மா சோதிக்கிறாள் என்று ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது வகை மனிதர்களைத் தாங்குவதுதான் கடினமாக இருக்கிறது என்று அவர் தேவனிடம் சொன்னாராம்.

புதன்கிழமை மேசைக்கு யாரும் வரவில்லை. காஞ்சனா அதை வேறு வாடிக்கையாளருக்கும் கொடுக்கவில்லை. மாலையானால் துடைத்து, நான்கு அட்டைகளைப் போட்டுவைத்தார். பிறகு ஒரு புதன்கிழமை தேவன் வந்து தனியாக உட்கார்ந்தார். சில வாரம் கழித்து அம்மாசி வந்தார். குவளை வந்ததும் முதல் வேலையாக அதை அட்டையால் மூடிவிட்டு, பேசுபவர்களைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பரஞ்சோதி ஒரு நாள் வாசல் வரை வந்து, உள்ளே அம்மாசியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை திரும்பவில்லை. ஆனால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்போல யாரும் மனம்விட்டுப் பேசவில்லை. காஞ்சனாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஆடி பிறப்பதற்கு முந்திய புதன்கிழமை, ஈசா பாய் தம் நாற்காலியிலிருந்து எழுந்து யாருக்கோ இடம் கொடுப்பது காஞ்சனாவின் கண்ணில் பட்டது. குணசுந்தரி. தலையில் பருத்தித் துணி சுற்றியிருந்தாள். புருவம் இல்லாத முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. பார் வாசலை அவள் என்றும் மிதித்ததில்லை, இன்றும் மிதிக்கவில்லை. இரும்புக் கம்பிக்கு அப்பால் உட்கார்ந்து, ஈசா பாய் கொடுத்த தே ஓவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். காஞ்சனாவின் பக்கம் அவள் பார்க்கவில்லை.

மேசையில் பேச்சு நின்றது. பரஞ்சோதி எழப் போனார். அவள் கையை அசைத்து உட்காரச் சொன்னாள்.

“அம்மாசி அண்ணே.”

அம்மாசி நிமிர்ந்தார்.

“மூணு வருஷமா வரலன்னு சொன்னீங்க. சரி. அதுக்கு முன்ன வந்துச்சுல்ல?” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “வந்தப்ப எப்படி இருந்துச்சு? அதச் சொல்லுங்க. நான் கேக்கணும்.”

அம்மாசியின் குவளைமேல் அட்டை இருந்தது. மூடியவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்பது சட்டம். தேவன் காஞ்சனாவைப் பார்த்தார். பரஞ்சோதியும் பார்த்தார். காஞ்சனா மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து, சுவரோரமாக நின்றுகொண்டார்.

அம்மாசி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“சின்ன வயசுல, மொத மொத வந்தப்ப” என்று தொடங்கினார்.